கனமான வேலைக்கு எந்த டெஸ்க்டாப்? நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவும்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர், கோயம்புத்தூரில் டை (தொழிற்சாலை அச்சு) டிசைன் செய்பவர், மெஷின் லேர்னிங் படிக்கும் மாணவர் என்று யார் கேட்டாலும் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது: கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, எந்த சிஸ்டம் வாங்கலாம்? கடையில் அசெம்பிள் செய்வதா, டெல், ஹெச்பி என்று பெயர் போட்டதாக எடுப்பதா, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய வொர்க்ஸ்டேஷனா, மேக்கா என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்குமே சரியான ஆளுக்குச் சரியான வழிதான். ஆனால் எந்த வழியில் போனாலும், பணத்தை எந்தப் பாகத்தில் போட்டீர்கள் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். பட்ஜெட்டில் பெரும்பங்கை ஐ9 ப்ராசசருக்குக் கொடுத்துவிட்டு 16 ஜிபி ரேமோடு திணறும் சிஸ்டங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதே பணத்தில் இரண்டு மடங்கு நிம்மதியாக வேலை பார்த்திருக்கலாம். அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை.

## உங்கள் வேலை எங்கே நிற்கிறது?

இப்போது இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். வழக்கமாக உங்களைக் காக்கவைக்கும் வேலையை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் இரண்டு நிமிடம் கவனியுங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் ஏறி, டிஸ்க் 100-லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இது அடிக்கடி நடக்கும். இதற்குப் புது ப்ராசசர் மருந்தாகாது.

சிபியு (ப்ராசசர்) மொத்தமாக 10, 15 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனால் திரை உறைந்து நிற்கிறதா? அந்த கிராஃபில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசசர்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். பல கட்டங்களில் ஒன்று மட்டும் உச்சத்தில் இருக்கும், மற்றவை சும்மா இருக்கும். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட், ரெவிட் மூன்றிலும் மாடலிங் வேலையின் பெரும்பகுதி இப்படி ப்ராசசரின் பல கணக்கிடும் பகுதிகளில் ஒன்றில், அதாவது ஒரே கோரில்தான் ஓடுகிறது. இவர்களுக்கு 16 கோர் வீண். கோர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடும் புதிய தலைமுறை ப்ராசசர்தான் வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரம்பினால் கதை வேறு: பெரிய புரோகிராம் கம்பைல் செய்பவர்களும், சிபியுவில் ரெண்டர் (3டி காட்சியை முழுப் படமாக உருவாக்குவது) போடுபவர்களும், அன்சிஸ் போன்ற சிமுலேஷன் ஓட்டுபவர்களும் கோர் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பது நியாயம்.

அப்புறம் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கம். அதில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி நிரம்பி, ஷேர்டு மெமரி ஏற ஆரம்பித்தால் கார்டில் உள்ள மெமரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சீன் அந்த எல்லையைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும், சில நேரம் ரெண்டரே நின்றுவிடும். ஏஐ மாடல் ஓட்டுபவர்களுக்கும் இதுதான் கணக்கு: 800 கோடி பாராமீட்டர் உள்ள மாடலை 4 பிட்டில் சுருக்கினால் ஏறத்தாழ 5 ஜிபி, 7,000 கோடி உள்ளது என்றால் 40 ஜிபிக்கு அருகில். கார்டின் வேகம் இரண்டாவதுதான், மாடல் உள்ளே அடங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வீடியோக்காரர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு, கடையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பலர் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற வீடியோ வடிவத்தில் எடுக்கிறார்கள். இந்த ஃபைலை டைம்லைனில் இழுத்தால் தடையில்லாமல் ஓடவேண்டும் என்றால், அதைப் பிரித்துக் காட்டும் தனி வன்பொருள் சிஸ்டத்தில் இருக்கவேண்டும். இன்டெல்லின் 12ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த உள் கிராபிக்ஸில் (ப்ராசசரோடு சேர்ந்தே வருவது) அது இருக்கிறது. தனி கார்டு செய்யும் என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதலில் வந்தது, 40 வரிசையில் உயர்ந்த கார்டிலும் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர்களில் உள்ள உள் கிராபிக்ஸிலும் இல்லை. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடியும் ப்ராசசர் கொஞ்சம் மலிவு, ஆனால் அதில் உள் கிராபிக்ஸே இல்லை. அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப்போய், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ப்ராக்ஸி ஃபைல் (எடிட்டிங்குக்கு மட்டும் சிறிதாக்கிய நகல்) உருவாக்கக் காத்திருக்க நேரிடும்.

## எதையெல்லாம் தட்டிப் பார்க்கவேண்டும்

என் அளவுகோல் ஐந்து. கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு வேகம் கிடைக்கிறது, பின்னால் பாகம் மாற்ற முடியுமா, பழுதானால் வேலை எத்தனை நாள் நிற்கும், கரண்ட்டும் சூடும் எப்படி, நமக்கு வேண்டிய சாஃப்ட்வேர் ஓடுமா.

| | அசெம்பிள் | பிராண்டட் வொர்க்ஸ்டேஷன் | பழைய வொர்க்ஸ்டேஷன் | மேக் |
|---|---|---|---|---|
| பணத்துக்கு வேகம் | மிக நன்று | குறைவு | கோர், ரேம் கணக்கில் நன்று. ஒற்றைக் கோரில் மோசம் | வீடியோவுக்கு நன்று |
| பின்னால் மாற்றுவது | எளிது | ஓரளவு | ரேம், கார்டு மட்டும் | ரேம் மாற்றவே முடியாது |
| பழுதானால் | நீங்களே அலையவேண்டும் | ஆள் வீடு தேடி வருவார் | உதிரிபாகம் தேடவேண்டும் | சர்வீஸ் சென்டருக்குத் தூக்கவேண்டும் |
| கரண்ட், சூடு | அதிகம் | அதிகம் | அதிகம் | மிகக் குறைவு |
| சாஃப்ட்வேர் | தடையில்லை | தடையில்லை, சான்றும் உண்டு | விண்டோஸ் 11 சிக்கல் | பல கேட் (டிசைன்) மென்பொருள் கிடையாது |

## அசெம்பிள் செய்வது

கனமான வேலை பார்க்கும் பெரும்பாலோருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். எந்தப் பாகத்தில் வேலை நிற்கிறதோ அந்தப் பாகத்துக்குப் பணத்தைத் திருப்ப வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுதந்திரம் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, அதையே ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டுப் பேசினால் நியாயமான விலைக்கு வருவார்கள்.

மதர்போர்டு விஷயத்தில் கொஞ்சம் தொலைநோக்கு வேண்டும். 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) 2027 வரையிலும் அதைத் தாண்டியும் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4-ல் முதல் தலைமுறை ரைசன் போட்டவர்களில் பலர், போர்டை மாற்றாமல் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் செய்து 5000 வரிசை வரை ஏற்றினார்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டோ 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது, அடுத்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குப் புது போர்டு தேவைப்பட்டது. இப்போது 6 கோரில் ஆரம்பித்து, தொழில் வளர்ந்ததும் 16 கோருக்குப் போக நினைப்பவர்களுக்கு ஏஎம்5 நல்ல தேர்வு. வீடியோ மட்டுமே வேலை, கார்டுக்கு இப்போது பணமில்லை என்பவர்களுக்கு உள் கிராபிக்ஸ் உள்ள இன்டெல்தான் சரி.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையில் உயர்ரக ப்ராசசர்கள் அதிக மின்னழுத்தத்தால் நிலைகுலைந்த விவகாரம் 2024-ல் பெரிதாக வெடித்தது. அந்த ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டப்பட்டு ஐந்து ஆனது. திருத்தம் இனி சேதம் ஆகாமல் தடுக்கும், ஏற்கெனவே ஆன சேதத்தைச் சரிசெய்யாது. ஆகவே செகண்ட் ஹேண்டில் இந்த ஐ7, ஐ9 வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கினால் பயாஸ் அப்டேட் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

ரேம் இப்போது தனிப் பிரச்சினை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியிலிருந்து விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் 64 ஜிபி வேண்டுமா என்பதை டாஸ்க் மேனேஜரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக அல்ல. எவ்வளவு வாங்கினாலும் இரண்டு குச்சிகளாக, ஒரே பேக்கில் வாங்குங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் மெமரி வேகம் பாதியாகிவிடும். இன்றைய ரேம் வகையான டிடிஆர்5-ல் நான்கு குச்சி போட்டால் பல போர்டுகள் வேகத்தைக் குறைத்துவிடும். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது முழுதாகச் செல்லாது.

மறைமுகச் செலவில் முதலில் வருவது யுபிஎஸ். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட்தான். ரைசன் 9 9950எக்ஸ் முழு வேகத்தில் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட் இழுக்கும், மானிட்டர் வேறு. ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் அந்த நொடியே கையை விரித்துவிடும். 1.5 அல்லது 2 கேவிஏ, முடிந்தால் முழு சைன் வேவ் தருவதாக வாங்கவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் (பாகங்களுக்குக் கரண்ட் பிரித்துத்தரும் பெட்டி) கஞ்சத்தனம் வேண்டாம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் போனால் பல நேரம் போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அடுத்தது உங்கள் நேரம். பாகத்துக்குப் பாகம் வாரண்டி வேறு, சர்வீஸ் சென்டர் வேறு. பழுது எதில் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். சென்னை, கோவை, மதுரையில் இருந்தால் சமாளிக்கலாம். சிறு ஊரில் இருப்பவர் கார்டை பார்சல் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

## பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்

டெல் ப்ரிசிஷன் (2025-ல் டெல் ப்ரோ மேக்ஸ் என்று பெயர் மாறியது), ஹெச்பி இசட், லெனோவோ திங்க்ஸ்டேஷன் ஆகியவை இந்த வகை. அதே வேகத்துக்கு அசெம்பிளைவிடக் கணிசமாக அதிக விலை. ரேமையும் எஸ்எஸ்டியையும் அவர்களிடமே ஏற்றி வாங்கினால் பில் எகிறும்.

அந்தக் கூடுதல் பணம் எதற்கு? வீடு தேடி வரும் சர்வீஸுக்கும், சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சான்றுக்கும். சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ வசதி தொழில்முறை கார்டுகளுக்குத்தான், கேமிங் கார்டில் அதை அதிகாரப்பூர்வமாகத் தருவதில்லை. டிஸ்ப்ளே சிக்கல் என்று சப்போர்ட்டைக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் பார்ப்பதும் கார்டு சான்று பெற்றதா என்பதைத்தான். நான்கு டிசைனர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் டூல் ரூமில் ஒரு சிஸ்டம் மூன்று நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டால், இந்த விலை அதிகம் இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் என்றால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளவும் முடியும். (அசெம்பிளிலும் முடியும், முறையான பில் கேட்டு வாங்கினால்.)

தனி ஆளாக வீட்டில் எடிட்டிங் செய்பவருக்கு இது தேவையில்லை.

## பழைய வொர்க்ஸ்டேஷன்

ஹெச்பி இசட்440, டெல் டி5810 போன்றவை கம்பெனிகளிலிருந்து கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. 14 கோர் ஜியான் (இன்டெல்லின் சர்வர் வகை ப்ராசசர்), 64 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேம், விலையோ ஒரு சாதாரணப் புது சிஸ்டத்தைவிடக் குறைவு. புது ரேம் விற்கும் விலைக்கு இது ஆசை காட்டத்தான் செய்யும், சிலருக்கு உண்மையிலேயே நல்ல வழியும்கூட.

யாருக்கு? லினக்ஸில் வேலை பார்ப்பவருக்கு, வர்ச்சுவல் மெஷின் நிறைய ஓட்டுபவருக்கு, இரவெல்லாம் சிபியு ரெண்டர் போட இரண்டாவது மெஷின் தேடுபவருக்கு, சர்வர் கற்றுக்கொள்ளும் மாணவருக்கு. ஆட்டோகேட்டுக்கோ வீடியோவுக்கோ வேண்டாம். ஜியான் ஈ5-2680 வி4 உச்சத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான், வந்தது 2016-ல். ஒற்றைக் கோர் வேகத்தில் இன்றைய நடுத்தர ஐ5-க்கே பக்கத்தில் வராது. உள் கிராபிக்ஸும் இல்லை, அதனால் மேலே சொன்ன 4:2:2 உதவி கிடையாது.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டிய தடைகள் சில. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை ஜியானை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. குறுக்கு வழியில் போட்டுத்தருவார்கள், ஆனால் தொழிலை அதன் மேல் வைப்பது சரியல்ல. ஜியான் டபிள்யூ ப்ராசசர் உள்ள ஹெச்பி இசட்4 ஜி4, டெல் ப்ரிசிஷன் 5820 வரை பட்ஜெட் எட்டினால் இந்தக் கவலை குறையும். அடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. போனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தால் பவர் கனெக்டர் எத்தனை இருக்கிறது, கேபினட்டில் நீளம் போதுமா என்று திறந்து பாருங்கள். வேகமான எஸ்எஸ்டி போடும் எம்.2 ஸ்லாட் போர்டில் இருக்காது, அடாப்டர் கார்டு தனியாக வாங்கவேண்டும். உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர்டு (சர்வர் வகை) ரேமை நாளைக்கு வேறு சாதாரண போர்டுக்கு மாற்றவும் முடியாது.

ஜியான் என்ற பெயரைக் காட்டி, பெயர் தெரியாத எக்ஸ்99 போர்டில் பழைய ப்ராசசரைப் போட்டுப் புது கேபினட்டில் விற்கும் சிஸ்டங்களும் உண்டு. பளபளவென்று லைட் எரியும். கம்பெனி வொர்க்ஸ்டேஷனின் உறுதி அதில் கிடையாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

## மேக் மினி, மேக் ஸ்டூடியோ

எம்4 மேக் மினி 2024-ல் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். 4கே வீடியோ எடிட்டிங்குக்கு இந்த விலையில் இவ்வளவு அமைதியாக, சூடில்லாமல் ஓடும் பெட்டி வேறு இல்லை. 10 பிட் 4:2:2 எச்.265 டைம்லைனில் தடையில்லாமல் ஓடும். உச்சத்தில் இழுப்பதே 65 வாட். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் எடிட் செய்பவருக்கு இது சாதாரண விஷயமில்லை.

கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 400 வாட் இழுக்கும் சிஸ்டம் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும். ஏற்கெனவே 300-ல் இருக்கும் வீட்டை இந்த ஒரு சிஸ்டம் அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். மேக் மினி முழு வேகத்தில் ஓடினாலும் 40 யூனிட்டைத் தாண்டாது.

செலவு ஒளிந்திருப்பது ரேமிலும் ஸ்டோரேஜிலும். வந்தபோது இருந்த விலைப்படி 16-லிருந்து 24 ஜிபிக்கு 20,000, 256-லிருந்து 512-க்கு இன்னொரு 20,000. ஆக 59,900 என்று போய் 99,900-ல் நிற்போம். ரேமை வாங்கிய பிறகு எந்தக் காலத்திலும் ஏற்ற முடியாது. ஸ்டோரேஜுக்கு நல்ல வழி உண்டு: 256-லேயே வாங்கி, ஃபுட்டேஜை வெளி எஸ்எஸ்டியில் வையுங்கள். ரேமுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

சாலிட்வொர்க்ஸ், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது. என்விடியாவின் குடா (கார்டில் கணக்குப் போடவைக்கும் மென்பொருள்) கிடையாது, ஆகவே மெஷின் லேர்னிங் படிப்பவர் பல பயிற்சிக் குறிப்புகளை அப்படியே பின்பற்ற முடியாது. பேஜ்மேக்கர் காலத்து ஃபைல்களை இன்னும் திறந்து வேலை செய்யவேண்டிய அச்சகங்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் விண்டோஸ்தான். மாறாக, பெரிய ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புபவருக்கு மேக் ஸ்டூடியோ ஒரு தனி வழி. கிராபிக்ஸுக்கும் ப்ராசசருக்கும் ஒரே மெமரி என்பதால் 64 ஜிபி, 128 ஜிபி மாடல்களில் பெரிய மாடலும் அடங்கிவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090-லேயே 32 ஜிபிதான்.

## பட்ஜெட் வாரியாக என் தேர்வு

60,000 வரை: வீடியோ என்றால் மேக் மினி, யோசிக்கவே வேண்டாம். கேட் என்றால் கார்டு இல்லாமல் புதிய தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5, ஒரே பேக்கில் இரண்டு குச்சி ரேம், நல்ல எஸ்எம்பிஎஸ். கார்டு பின்னால் வரட்டும். மெஷின் லேர்னிங் மாணவர் சாதாரண சிஸ்டமே வைத்துக்கொண்டு காகிள் இணையதளத்தில் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியுவைப் பயன்படுத்தட்டும். படிப்புக்கு அது போதும்.

ஒன்றேகால் லட்சம் சுற்றளவில்: அசெம்பிள். கார்டில் 8 ஜிபியோடு நிற்காமல் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி மாடலைத் தேடுங்கள். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் விற்கிறது, பெட்டியைப் படித்து வாங்குங்கள். ப்ராசசரில் ஒரு படி இறங்கியாவது இந்த 16 ஜிபியைக் காப்பாற்றுவது பிளெண்டருக்கும் ஏஐக்கும் நல்லது.

இரண்டரை லட்சமும் மேலும்: வேலை இரண்டாகப் பிரிகிறது. ஆள் வைத்துத் தொழில் நடத்துபவருக்கு பிராண்டட் வொர்க்ஸ்டேஷன். தனியாக 3டி செய்பவருக்கு 16 கோர் ரைசன் 9, 5070 டிஐ அல்லது அதற்கு மேல். மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே பெரிய ரெண்டர் வருகிறது என்றால் 5090 வாங்காதீர்கள், அந்த இரண்டு நாளுக்கு ரெண்டர் ஃபார்மில் (ரெண்டர் போட்டுத்தரும் ஆன்லைன் சேவை) வாடகைக்கு எடுப்பது மலிவு.

எதை வாங்கினாலும் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஏறவேண்டும். அது இல்லாமல் இரண்டு வருடம் கழித்து வாரண்டி கேட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டிகளை எறியாதீர்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்கள் கைவசம் உள்ளதில் கனமான பிராஜெக்டை எடுத்து, நாலைந்து மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். அணைந்து போனாலோ, நீலத் திரை வந்தாலோ உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். முதல் சில நாட்களுக்குள் போனால் பல கடைகளில் பாகத்தையே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வரிசைதான்.